ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

என் மேசையில் ஒரு பார்ஜ் (ஆற்றில் சரக்கு சுமக்கும் தட்டைப் படகு) என்பது எக்ஸெல்லில் ஒரு வரி. பார்ஜ் எண், என்ன சரக்கு, எந்தத் தேதியில் ஏற்றியது, எத்தனை டன், இப்போது எந்த மைலில் கிடக்கிறது, நியூ ஆர்லியன்ஸ் பக்கம் எப்போது போய்ச் சேரும். செயின்ட் லூயிஸில் ஒரு தானிய வியாபாரக் கம்பெனியில் 11 வருடமாக இந்த வரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. மிசிசிப்பி ஆற்றுப் போக்குவரத்தில் இருக்கிறேன் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் நான் கப்பலில் போகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது கப்பலும் இல்லை, நான் அதில் போவதும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் ஆறுகூடத் தெரியாது, கார் பார்க்கிங்தான் தெரியும்.

போக ஆசைப்பட்டாலும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். ஜோன்ஸ் சட்டம் என்று 1920இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. அமெரிக்கத் துறைகளுக்கு இடையே சரக்கு கொண்டுபோகும் படகு அமெரிக்காவில் கட்டியதாக, அமெரிக்கருக்குச் சொந்தமானதாக இருக்க வேண்டும். ஓட்டுபவர்களும் பெரும்பாலும் இந்த நாட்டுக் குடிமக்களாகவே இருக்க வேண்டும். என் போன்றவர்களுக்கு எக்ஸெல்தான் விதித்திருக்கிறது.

ஆனாலும் ஒரு தடவை போனேன், விருந்தாளியாக. 2018 ஆகஸ்டில். அலுவலகத்தில் உட்கார்ந்து பார்ஜ் கணக்குப் பார்ப்பவர்கள் ஒரு முறையாவது ஆற்றைப் பார்க்கட்டும் என்று டோபோட் கம்பெனிக்காரர்கள் சில சமயம் அழைப்பார்கள். குவின்சியில் ஏறி செயின்ட் லூயிஸில் இறங்குவதாக ஏற்பாடு. காரில் போனால் இரண்டரை மணி நேர தூரம். ஆற்றில் எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

முதலில் இந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். டோ என்றால் இழுப்பது. டோபோட் என்றால் இழுவைப் படகு. ஆனால் மிசிசிப்பியில் எந்த டோபோட்டும் எதையும் இழுப்பதில்லை, தள்ளுகிறது. படகின் மூக்கு தட்டையாக, இரண்டு பெரிய முட்டுக்கட்டைகளோடு இருக்கும். அதை பார்ஜ்களின் முதுகில் வைத்து வயரால் இறுக்கிக் கட்டிவிட்டால், முன்னால் இருக்கும் பார்ஜ்களும் பின்னால் இருக்கும் படகும் ஒரே உடம்பு. கயிறு கட்டி இழுத்தால் வளைவில் பின்னால் வருவது தன் இஷ்டத்துக்குப் போகும். வேகத்தைக் குறைத்தால் முன்னால் போகும் படகின் மேலேயே வந்து ஏறும். தள்ளும்போது அந்தத் தொல்லை இல்லை. ஆறு மாதிரி குறுகலான, வளைந்த, ஓட்டமுள்ள தண்ணீரில் தள்ளுவதுதான் சரி. ஆனால் பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த பார்ஜ் கூட்டத்துக்கே "டோ" என்றுதான் பெயர். இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் "இழுவையைத் தள்ளினார்கள்" என்று எழுத வேண்டியிருக்கிறது. அதனால் டோ என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு பார்ஜ் 195 அடி நீளம், 35 அடி அகலம். என்ஜின் கிடையாது, சுக்கான் கிடையாது, ஆள் கிடையாது. மூடி போட்ட இரும்புத் தொட்டி, அவ்வளவுதான். 9 அடி ஆழத்துக்கு அமிழ்த்தினால் சுமார் 1,500 டன் கொள்ளும். மேல் மிசிசிப்பியில் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து என்று 15 பார்ஜ் சேர்ந்தது ஒரு டோ. லாரிக்கு 25 டன் என்று வைத்தால் 900 லாரிச் சரக்கு. இதை ஒன்பது பத்துப் பேர் கொண்டுபோகிறார்கள். அதிலும் ஒருவர் சமையல்.

நான் ஏறிய படகில் சமைத்தது ஒரு வயதான அம்மா. நான் கறி சாப்பிட மாட்டேன் என்று கேட்டதும் ஏதோ பெரிய நோய் என்பது போல முகம் மாறியது. அப்புறம் மூன்று நாளும் சோளம், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பிஸ்கட் என்று அடுக்கி என் தட்டை மற்றவர்களுக்கு முன்னால் நிரப்பிவிட்டார். படகில் யார் பேச்சுக்கு மரியாதை என்று பார்த்தால் கேப்டனுக்கு அடுத்தபடி அவருக்குத்தான். சில நேரம் கேப்டனுக்கும் முன்னால்.

ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு. இதுதான் படகின் கடிகாரம். காலை 6 முதல் 12, மாலை 6 முதல் 12 கேப்டன் சுக்கான் பிடிப்பார். மீதி இரண்டு வேளையும் பைலட். டெக்ஹேண்டுகளும், அதாவது மேல்தளத்தில் உடல் உழைப்பு வேலை பார்ப்பவர்களும், அதேபோல இரண்டு கோஷ்டி. யாருக்கும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சாகத் தூக்கம் கிடையாது. இப்படி 28 நாள். அப்புறம் வீடு. இரவு 11.30க்கு சமையலறை வெளிச்சத்தில் ஒருவன் "குட் மார்னிங்" என்றபடி காபி ஊற்றிக்கொள்கிறான்; பக்கத்தில் இன்னொருவன் "குட் நைட்" என்று பூட்ஸைக் கழற்றுகிறான். இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

முதல் நாளே மேட் என்னை டோவின் மேல் நடக்கக் கூட்டிப்போனார். மேட் என்பவர் டெக்ஹேண்டுகளுக்கு மேஸ்திரி மாதிரி. ஐம்பது வயது இருக்கும். லைஃப் ஜாக்கெட்டை அவரே இழுத்துப் பார்த்துக் கொக்கியைச் சரிபார்த்த பிறகுதான் கால் வைக்க விட்டார். 975 அடி நீளம் போய் வர வேண்டும். இரண்டு பக்கமும் சரக்குத் தொட்டியின் சுவர், நடுவில் ஆள் நடக்கும் அளவுக்கு இரும்புப் பாதை, ஆகஸ்ட் வெயில். காலடியில் இரும்பு தோசைக்கல் மாதிரி காய்ந்து கிடந்தது.

15 பார்ஜ்களையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது வயர்தான். கட்டைவிரலைவிடக் கனமான எஃகு வயர், அதை இறுக்க ராட்செட், ராட்செட்டைத் திருக ஒரு நீளமான இரும்புக் குழாய். அதற்குப் பெயர் சீட்டர் பார், அதாவது ஏமாற்றுக் கம்பி. உடம்பில் இல்லாத பலத்தை நெம்புகோலில் வாங்கிக்கொள்வதால் அந்தப் பெயர். ஒவ்வொரு மூலைச் சந்திப்பிலும் வயர் இப்படியும் அப்படியும் குறுக்காகப் போகும். மேட் நடந்துகொண்டே ஒவ்வொரு வயரையும் பூட்ஸால் ஒரு மிதி மிதித்தார். மிதித்தால் அசையக் கூடாது. ஒன்று லேசாக நெகிழ்ந்து கொடுத்தது. உடனே நின்று, குழாயை எடுத்து, மொத்த உடம்பையும் அதன் மேல் போட்டு மூன்று திருகு. ஒரு பல் ஏறும் சத்தம் கேட்டது. "இது ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கொடுத்திருந்தால் எல்லாரையும் எழுப்பியிருக்கும்" என்றார்.

அலுவலகத்திலிருந்து பார்த்தால் பார்ஜ் ஓடுகிறது, அல்லது நிற்கிறது. அதைக் கட்டுகிறார்கள், அவிழ்க்கிறார்கள், மறுபடி கட்டுகிறார்கள் என்பது என் வரியில் இல்லவே இல்லை. இந்த வேலையில் பாதிக்குமேல் கட்டுவதும் அவிழ்ப்பதும்தான்.

பார்ஜ்கள் சரியாக ஒட்டாமல் நடுவில் தண்ணீர் தெரியும் இடத்துக்கு "வாத்துக்குளம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அழகான பெயர் என்று சொன்னேன். மேட் சிரிக்கவில்லை. அதில் விழுந்தவன் டோவுக்கு அடியில் போய்விடுவான், 975 அடிக்கு மேலே கூரைதான் என்றார்.

டோவின் முன்மூலையில், பார்ஜின் பக்கச் சுவரில், வெள்ளைப் பெயிண்டில் எண்கள் எழுதியிருந்தன. தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறதோ அதுதான் டிராஃப்ட், பார்ஜ் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்ற கணக்கு. நான் தினமும் தட்டச்சு செய்யும் எண். அதை உண்மையில் எங்கே படிக்கிறார்கள் என்று அன்றுதான் பார்த்தேன். தண்ணீர் சும்மா இருக்குமா? எழுந்து விழுந்துகொண்டே இருக்கிறது. 9க்குக் கீழேயும் போகிறது, மேலேயும் வருகிறது. மேட் குப்புறப் படுத்து கையை நீட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓர் அங்குலத்தைக் காட்டினார்.

"இந்த ஒரு அங்குலத்துக்குத்தானே மேம், நீங்க எல்லாம் போன் போட்டு எங்க உயிரை வாங்கறீங்க?"

ஆமாம். அதற்குத்தான். 195 அடியை 35 அடியால் பெருக்கினால் 6,825 சதுர அடி. அந்தப் பரப்பை ஓர் அங்குலம் கூடுதலாக அமிழ்த்தினால் ஏறக்குறைய 17 டன் சரக்கு. படகு வாடகை, ஆள் கூலி, டீசல் எதுவும் மாறாமல் 17 டன் சும்மா போய்ச் சேருகிறது. ஒரு பார்ஜுக்கு 17. பதினைந்துக்கு 255. அலுவலகத்தில் எல்லோருக்கும் அங்குலத்தின் மேல் ஆசை வருவதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம்.

மேல் மிசிசிப்பி உண்மையில் ஆறு இல்லை, படிக்கட்டு. 9 அடி ஆழமாவது எப்போதும் இருக்க வேண்டும் என்று 1930இல் நாடாளுமன்றம் சொல்லி, ராணுவப் பொறியாளர் படை அணையும் லாக்கும் கட்டிக்கொண்டே போனது. ஒவ்வோர் அணைக்குப் பின்னாலும் ஒரு குளம். ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்கு இறங்க லாக், அதாவது இரண்டு முனையிலும் கதவு வைத்து, உள்ளே தண்ணீரை ஏற்றி இறக்கும் அறை. எண் போட்டிருக்கிறார்கள்: 21, 22, 24, 25. நடுவில் 23 எங்கே என்று கேட்டால், திட்டத்தில் இருந்தது, கட்டவில்லை என்பார்கள். எண்ணை மட்டும் காலியாக விட்டுவிட்டார்கள்.

லாக்கின் அகலம் 110 அடி. டோவின் அகலம் 105. பக்கத்துக்கு இரண்டரை அடி. சுக்கான் பிடிப்பவர் பின்னால், கிட்டத்தட்ட ஆயிரம் அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு டோவின் முன்மூலை எங்கே இருக்கிறது, சுவர் எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் பார்க்க வழியே இல்லை. முன்னால் ஒரு டெக்ஹேண்ட் வாக்கிடாக்கியோடு நின்று எண் சொல்வான். "இருநூறு. சுவரிலிருந்து பத்து. நூற்றைம்பது. எட்டு. நூறு. எட்டு. எழுபத்தைந்து. ஐந்து." அந்தக் குரலில் ஏற்ற இறக்கமே கிடையாது. அந்தப் பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். 22,000 டன் சோளமும் சோயாவும் அவன் குரலைக் கேட்டுத்தான் நகர்கின்றன. கேப்டன் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாரோ என்றுகூடத் தோன்றியது. அந்தக் கால் மணி நேரம் நான் பேசவில்லை. யாரும் பேச வேண்டாம் என்று சொல்லவும் தேவைப்படவில்லை.

அகலப் பிரச்சினையாவது திறமையால் தீரும். நீளப் பிரச்சினைக்கு வழி இல்லை. பழைய லாக்குகள் 600 அடிதான். டோவும் படகும் சேர்ந்து 1,100 அடிக்கு மேல். அதனால் இரண்டு துண்டு: முதலில் முன்னால் உள்ள ஒன்பது பார்ஜ், 585 அடி. அதை உள்ளே தள்ளி, நடு வயர்களை எல்லாம் அவிழ்த்து, படகும் மீதி ஆறு பார்ஜும் பின்வாங்கும். கதவை மூடித் தண்ணீரை இறக்கி, அந்த ஒன்பதையும் வின்ச் வைத்து வெளியே இழுத்துச் சுவரோடு கட்டிவைப்பார்கள். (இங்கேதான் ஒரு வழியாக ஏதோ ஒன்றை இழுக்கிறார்கள்.) மறுபடி தண்ணீரை ஏற்றி, படகோடு மீதி ஆறும் உள்ளே வந்து இறங்கி, முன்னால் போனதோடு சேர்ந்து, அவிழ்த்த வயரை எல்லாம் திரும்பக் கட்ட வேண்டும். ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம். எங்கள் வழியில் ஆறு லாக். அதில் நான்கில் இந்தக் கூத்து.

25ஆம் லாக்கில், வின்ஃபீல்டில், எங்களுக்கு முன்னால் மூன்று படகு. ஏழு மணி நேரம் காத்திருந்தோம். டோவின் மூக்கைக் கரை மண்ணில் லேசாகக் குத்தி நிறுத்தி, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, சும்மா. கடைசி இரண்டு லாக்கும் 1,200 அடி. 27ஆம் லாக்கில் ஒரே மூச்சில் உள்ளே போய் முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். அந்த ஏழு மணி நேரத்தைப் பார்த்த பிறகு, 2022 ஜனவரியில் 25ஆம் லாக்குக்கும் 1,200 அடி அறை கட்ட 73.2 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது அலுவலகத்தில் நான் மட்டும் எழுந்து நின்று கைதட்டினேன். மற்றவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். சரி, போகட்டும்.

இரண்டாம் இரவு தூக்கம் வராமல் ஒரு மணிக்கு மேலே சுக்கான் அறைக்குப் போனேன். பைலட் இருட்டில் உட்கார்ந்திருந்தார். ரேடார் வெளிச்சம் மட்டும். அவ்வப்போது சர்ச்லைட்டை வீசி கரையில் ஒரு பலகையையோ தண்ணீரில் ஒரு மிதவையையோ தொட்டுவிட்டு அணைத்துவிடுவார். எதிரே ஒரு டோ வந்தது. ரேடியோவில் இருவரும் பேசிக்கொண்டது "ஒரு விசில்" என்பது மட்டும். விசில் யாரும் ஊதவில்லை. இடப்பக்கத்துக்கு இடப்பக்கமாகக் கடக்கலாம் என்று அதற்கு அர்த்தம். நாங்கள் கீழ்நோக்கிப் போவதால் வழி எங்களுக்கு. ஓட்டத்தோடு போகிறவனால் நிற்க முடியாது, எதிர்த்து வருகிறவனால் முடியும், விதியும் அப்படியேதான்.

பயம் எப்போது வரும் என்று கேட்டேன். வெள்ளமா, காற்றா? "மூடுபனி" என்றார். அவர் கண் ரேடாரை விட்டு நகரவில்லை. 1993 செப்டம்பரில் அலபாமாவில் நடந்ததைச் சொன்னார். மூடுபனியில் வழி தெரியாமல் ஒரு டோபோட் தவறான கிளைக்குள் திரும்பிவிட்டது. ரேடாரில் குறுக்கே ஏதோ தெரிந்தது. கரையோரம் நிற்கிற வேறு டோ என்று நினைத்தார் பைலட். அது ரயில் பாலம். பார்ஜ் மோதி, பாலம் மூன்று அடி நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஆம்ட்ராக் ரயில் வந்தது. 47 பேர் செத்துப்போனார்கள். அந்தப் பைலட் ரேடார் படிக்க முறையாகக் கற்றவர் இல்லை என்பது விசாரணையில் தெரிந்தது. "அதுக்கப்புறம்தான் எங்க எல்லாருக்கும் ரேடார் பரீட்சை வந்தது. பனி வந்தா மூக்கைக் கரையில வெச்சுட்டு நின்னுடுவேன். ஆபீஸ்ல இருந்து யார் போன் பண்ணினாலும் சரி."

யார் போன் பண்ணுவார்கள் என்று எனக்குத் தெரியும். என் மாதிரி ஆட்கள்தான். "ஏன் மைல் 260லேயே நிற்கிறது?" என்று.

இறங்கும்போது மேட் ஒரு பழைய ராட்செட் கைப்பிடியைக் கொடுத்தார். இப்போதும் என் மேசையில் பேப்பர் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறேன். இவ்வளவையும் பார்த்துவிட்டு வந்தவள் திருந்தியிருக்க வேண்டும், இல்லையா?

2022க்கு வருகிறேன்.

அந்த வருடம் கோடையின் கடைசியில் மழை பொய்த்தது. 27ஆம் லாக்கைத் தாண்டிவிட்டால் கடல் வரை ஏறத்தாழ 1,100 மைலுக்கு ஆற்றில் அணையே கிடையாது. அங்கே தண்ணீர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. நல்ல தண்ணீர் இருக்கும்போது அங்கே 30, 40 பார்ஜ்களை ஒரே டோவாகக் கட்டி, 11, 12 அடி வரை அமிழ்த்தி அனுப்புவோம். செப்டம்பரில் ஆறு நாளுக்கு நாள் இறங்கியது. அறுவடை அப்போதுதான் தொடங்குகிறது. வருடத்தில் எப்போது நிறைய பார்ஜ் வேண்டுமோ அப்போது பார்த்துத் தண்ணீர் இல்லை.

செப்டம்பர் கடைசி வாரம் டோபோட் கம்பெனியிலிருந்து ஓர் அறிவிப்பு: நாளை மாலைக்குப் பிறகு ஏற்றும் பார்ஜ் எதுவும் 9 அடி 6 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அப்போது எங்கள் துறையில் ஆறு பார்ஜ் சோயாவுக்குக் காத்திருந்தது. நாளை மாலை வரை நேரம் இருக்கிறதே! துறைக்குப் போன் போட்டேன். ராத்திரி ஷிப்ட் போடச் சொன்னேன். ஆறையும் 10 அடி 6 அங்குலத்துக்கு ஏற்றச் சொன்னேன். விதிப்படி சரி. ஒஹையோ ஆற்றுப் பக்கம் மழை வரும் என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்ததும் மனதில் இருந்தது. அடுத்த நாள் மாலை 4 மணிக்கு ஆறு பார்ஜும் ஏற்றி முடிந்தது. பார்ஜுக்கு 12 அங்குலம் மிச்சம். ஆறுக்கு 1,200 டன்னுக்கு மேல். அன்று வீட்டுக்குப் போகும்போது என்னைவிடக் கெட்டிக்காரி இந்த ஊரில் இல்லை என்ற நினைப்பு எனக்கு.

மழை வரவில்லை. ஆறு மேலும் இறங்கியது. டோபோட் வருவதற்குள் அடுத்த அறிவிப்பு வந்தது: எப்போது ஏற்றியதாக இருந்தாலும் 9 அடிக்கு மேல் எதையும் எடுக்க மாட்டோம். டோவும் 25 பார்ஜுக்கு மேல் கிடையாது. என் ஆறு பார்ஜ்களும் கரையோர ஃப்ளீட்டில் (பார்ஜ்களைக் கட்டி நிறுத்திவைக்கும் இடம்) கட்டியபடி நின்றுவிட்டன.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் செய்தியில் வந்ததுதான். அக்டோபரில் லூசியானாவில் லேக் பிராவிடன்ஸ் அருகே பார்ஜ்கள் தரைதட்டி ஆற்றையே மூடினார்கள். காத்திருந்த பார்ஜ்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. மெம்ஃபிஸ் அளவுகோலில் 1988இல் பதிவான மைனஸ் 10.7 அடி என்ற சாதனை உடைந்தது. (மைனஸ் என்றால் ஆறு காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அளவுகோலின் பூஜ்யம் ஆற்றின் தரை இல்லை, எப்போதோ குறித்துவைத்த ஒரு மட்டம். அதற்குக் கீழேயும் தண்ணீர் உண்டு. அம்மாவுக்குப் போனில் இதை விளக்கவே அரை மணி ஆனது.) அடுத்த வருடம் அக்டோபரில் அந்தப் புதிய சாதனையும் உடைந்தது. கீழே நியூ ஆர்லியன்ஸ் பக்கம் ஆற்றுக்கு வேகம் இல்லாமல் கடல்நீர் ஆற்றின் அடி வழியாக மேலே ஏற, ராணுவப் பொறியாளர்கள் ஆற்றுக்கு அடியில் மண்ணால் ஒரு தடுப்பு கட்டினார்கள்.

வாடகை? எங்கள் தொழிலில் வாடகையை டாலரில் பேச மாட்டோம், சதவீதத்தில் பேசுவோம். 1976இல் ஒரு விலைப்பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியல் செத்துப் பல காலம் ஆகிவிட்டது. ஆனால் அதன் எண்கள் மட்டும் உயிரோடு இருக்கின்றன. செயின்ட் லூயிஸுக்கு டன்னுக்கு 3.99 டாலர், அதுதான் 100 சதவீதம். 400 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 16 டாலர். அக்டோபர் இரண்டாம் வாரம் 2,500 சதவீதத்தைத் தாண்டியது. அதாவது டன்னுக்கு 100 டாலருக்கு மேல். திரையைப் பார்த்துவிட்டு யாரோ ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகத் தட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

என் ஆறு பார்ஜ்களுக்கு மூன்று வழி இருந்தது. தண்ணீர் வரும் வரை காத்திருப்பது. வந்த விலைக்கு இங்கேயே விற்பது. அல்லது கிரேன் உள்ள துறைக்கு நகர்த்தி மேலே உள்ள சரக்கை வாரி வேறு பார்ஜில் போடுவது. மூன்றாவதைக் கணக்குப் போட்டேன். 18 அங்குலம் இறக்க வேண்டும். ஒரு பார்ஜுக்கு 306 டன். ஆறுக்கு 1,836. அதற்கு ஒரு காலி பார்ஜ் போதாது, இரண்டு வேண்டும். ஊரில் காலி பார்ஜ் தங்கம் மாதிரி இருந்த நேரம். 12 அங்குலத்தை மிச்சம் பிடிக்கப் போய் 18 அங்குலத்தைத் திருப்பி வார வேண்டியிருந்தது. கிரேன் கூலி வேறு, நாள் கணக்கில் நிற்பதற்கான தண்டம் வேறு, கீழே துறையில் காத்திருக்கும் கப்பல்காரனுக்குச் சொல்லும் பதில் வேறு.

மேலாளர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அறிவிப்பு வந்த அன்னிக்கு நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்" என்றார். அது உண்மையா, ஆறுதலா என்று இன்றுவரை தெரியவில்லை. கூட்டத்தில் மற்றவர்கள் முன்னால் மட்டும் "அந்த ஆறு பார்ஜ்" என்றே சொன்னார். ஆறு வாரம் எங்கள் அலுவலகத்தில் "அந்த ஆறு பார்ஜ்" என்றால் என் பெயர் என்று அர்த்தம்.

சரக்கை வாரும் நாளில் நானே துறைக்குப் போனேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கரை, நான் பார்த்த கரை மாதிரியே இல்லை. தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் வெடித்த சேறு, அதில் பழைய டயர், துருப்பிடித்த வயர்கள், யாரோ எப்போதோ தவறவிட்ட ஒரு ராட்செட். பார்ஜுக்கு இறங்க இரும்பு ஏணியில் ஒரு மாடி உயரம் இறங்க வேண்டியிருந்தது.

கிரேனின் கவ்வுவாளி சோயாவை அள்ளி அடுத்த பார்ஜில் கொட்டியது. தூசி மஞ்சளாகப் பறந்தது. ஒவ்வொரு தடவை அள்ளும்போதும் பார்ஜ் கொஞ்சம் மேலே வருகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. துறை ஆள் ஒருவர் சிறிய படகில் மூலைக்கு மூலை போய் எண் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு அவரோடு ஏறிக்கொண்டேன். பார்ஜின் பக்கச் சுவரில் ஈரம் காயாத ஒரு பட்டை அகலமாகிக்கொண்டே வந்தது. முதலில் 10 என்ற எண் தண்ணீரிலிருந்து முழுசாக வெளியே வந்தது. பாசியோடு. அப்புறம் வெகு நேரம் ஒன்றும் இல்லை. மத்தியானத்துக்கு மேல் 9.

அவர் நான்கு மூலையும் படித்துவிட்டு ரேடியோவில் கிரேனை நிறுத்தச் சொன்னார்.

"எட்டு அடி பதினொன்று. சரியா இருக்கு. மூடியைப் போட்டுடலாமா?"

தண்ணீர் 9க்குக் கீழே எழுந்து விழுந்துகொண்டிருந்தது. ஓர் அங்குலத்துக்கு 17 டன், தானியம் விற்கும் அளவான புஷலில் சொன்னால் 560க்கு மேல். அன்றைய விலைக்கு 7,000 டாலருக்குக் குறையாது.

"இன்னும் ஒரு அங்குலம் எடுத்துடுங்க" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பதினைந்து வருடமாக இந்தத் துறையில் இருக்கிறாராம். ஆபீஸிலிருந்து வந்து இப்படிக் கேட்ட ஆளை இப்போதுதான் பார்க்கிறார் என்று, ரேடியோவை அணைக்காமலே கிரேன்காரருக்குச் சொன்னார்.